எல்லைக்கு இரு பக்கமும்: மெக்சிகோவின் தன்பாலீர்ப்பு ஆண்கள் பற்றி ஒரு கேள்வி பதில்

குடிபெயர்வையும் பாலியல்பையும் சேர்த்துப் பார்க்கும் சமூகவியல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி மெக்சிகோ பற்றியே. ஆச்சரியமில்லை, அமெரிக்கா-மெக்சிகோ எல்லையை வைத்து இந்தத் துறையில் நிறையவே எழுதிக் குவித்திருக்கிறார்கள். நான் அங்கே களப்பணி செய்தவள் அல்ல. இந்த ஆய்வுகளை வகுப்பில் நடத்துகிறவள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): வணக்கம் மேடம். மெக்சிகோவில் அடக்குமுறை, அமெரிக்காவில் சுதந்திரம், அதனால் போகிறார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: அந்த ஒரு வரிக் கதை ரொம்ப வசதியானது தம்பி, அதனால்தான் இத்தனை காலம் ஓடியது. எக்தர் கரியோ என்ற சமூகவியலாளர், சான் டியேகோவில் வாழும் மெக்சிகோ ஆண்களிடம் நீண்ட பேட்டிகள் எடுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதையைத்தான் பிரித்துப் போட்டது. மெக்சிகோ சிட்டி, குவாதலஹாரா மாதிரி பெருநகரங்களிலிருந்து வந்த பலருக்கு எல்லையைத் தாண்டும் முன்பே காதலன், நண்பர் கூட்டம், வழக்கமாகப் போகும் பார் எல்லாம் இருந்தன. "நான் கே" என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அமெரிக்கா தேவைப்படவில்லை. சின்ன ஊரிலிருந்து நேரே வந்தவர்களின் அனுபவம் வேறு.

ஏன் வந்தாய் என்று கேட்டால் ஒரே ஆள் மூன்று நான்கு காரணம் சொல்வார். வேலை, படிப்பு, முறிந்துபோன காதல், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒருவன், வீட்டார் கண்ணில் படாத தூரத்தில் வாழும் ஆசை. முழுதாகவோ ஓரளவோ பாலியல்பு காரணமாக நடக்கும் இடப்பெயர்வுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'பாலியல் குடிபெயர்வு'. அந்த 'ஓரளவு' என்பதை விட்டுவிட்டால் மறுபடி பழைய ஒரு வரிக் கதைக்கே போய்விடுவோம்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், சென்னை): ஆனால் மெக்சிகோக்காரர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காகத்தானே போகிறார்கள் அக்கா? அதில் பாலியல்பை நுழைப்பது வலிந்து செய்வதாகத் தெரிகிறதே.

பதில்: லயனல் கான்டு மல்லுக்கு நின்றது இந்த இடத்தில்தான். சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2002இல் திடீரென்று இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற ஆய்வை மற்ற இரண்டு ஆய்வாளர்கள் தொகுத்து 2009இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பால்புதுமையினர் (க்வியர்) மையம் இன்றைக்கு அவர் பெயரில்தான் இயங்குகிறது.

பிழைப்பையும் பாலியல்பையும் தனித்தனிப் பெட்டியில் போடாதீர்கள் என்பது அவர் வாதம். குடும்பம்தான் ஒருவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிறது, கடன் கொடுக்கிறது, கல்யாணம் செய்து தனிக்குடித்தனம் வைக்கிறது. கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளாத மகன் இந்த வரிசையிலிருந்து மெல்ல நழுவி விழுகிறான். பெண்மை தெரியும் நடையோ குரலோ இருந்தால் வேலை கிடைப்பதும் சிரமம். அவன் எல்லை தாண்டும்போது "வேலைக்குப் போகிறேன்" என்றுதான் சொல்வான். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

போன இடத்தில் நடப்பதையும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் முதலில் தங்குவது அண்ணன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோதான். தலைக்கு மேல் கூரை கிடைத்தது, கூடவே காவலும் வந்து சேர்ந்தது. கொஞ்சம் காலூன்றியதும் கே நண்பர்களோடு அறை எடுத்துத் தனியே போய்விடுகிறார்கள். அப்புறம் ஊருக்குப் பணம் போக ஆரம்பித்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடு கொஞ்சம் இளகுவதும் உண்டு. பணம் அனுப்பும் மகனிடம் எந்த வீடும் ரொம்பக் கடுமையாக இருப்பதில்லை.

கேள்வி (வாசகர், மதுரை): மெக்சிகோவில் 'மேலே' இருப்பவனை ஆண் என்றும் 'கீழே' இருப்பவனை மட்டும் தன்பாலீர்ப்பாளன் என்றும் பார்ப்பார்கள் என்று படித்தேன். உண்மையா? நம் ஊரில் ஆண் பங்கு வகிப்பவனைப் பந்தி என்றும் பெண் பங்கு வகிப்பவனைக் கோத்தி என்றும் சொல்வது போலவா?

பதில்: பாதி உண்மை. 1960களின் இறுதியிலிருந்து குவாதலஹாராவில் ஆய்வு செய்த ஜோசப் கேரியர் என்ற மானிடவியலாளர் எழுதியது அது. 'ஆக்டிவோ' பங்கு வகிப்பவனின் ஆண்மைக்குச் சேதமில்லை, இழிவெல்லாம் 'பசிவோ' தலையில். 1991இல் தோமஸ் அல்மாகேர் எழுதிய கட்டுரை ஒன்று இதை அமெரிக்கக் கல்வி உலகம் முழுக்கப் பரப்பியது.

நேரில் பார்த்தது போல வேண்டுமென்றால் ஆனிக் ப்ரியூரின் ஆய்வுக்குப் போங்கள். நார்வேக்காரரான இவர், மெக்சிகோ சிட்டியை ஒட்டிய நெசவால்கோயோட்டில் என்ற உழைக்கும் மக்கள் நகரத்தில் ஒரு வீட்டில் தங்கினார். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் 'நெசா'. அந்த வீட்டுக்கு உரியவர் எய்ட்ஸ் விழிப்புணர்வு வேலை செய்தவர். பெண் உடையில் வாழும் இளைஞர்களுக்கு அவர் வீடுதான் புகலிடம். அவர்களைத் தேடி வரும் ஆண்களுக்கு அங்கே 'மயாத்தே' என்று பெயர். அந்த ஆண்கள் தங்களைச் சாதாரண ஆம்பளை என்றே நினைத்துக்கொள்வார்கள். பெண் உடையில் இருப்பவர்களோ, இந்த ஆண்கள் படுக்கையில் என்னவெல்லாம் செய்வார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். விதி ஒன்று, நடப்பு வேறு.

ஆனால் நெசாவை வைத்து நாடு முழுக்க அளக்கக் கூடாது. 1990களில் குவாதலஹாராவில் கரியோ பார்த்தது கலவை. பழைய பாகுபாடு ஒரு பக்கம். யாரை விரும்புகிறோம் என்பதை வைத்தே அடையாளம் சொல்லும் 'கே' ஒரு பக்கம். இரண்டையும் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பங்கும் வகிப்பவர்களை 'இன்டர்நேஷனல்' என்று கிண்டலாகச் சொல்லும் வழக்கும் உண்டு. வர்க்கமும் வயதும் இதில் நிறையவே விளையாடுகின்றன. பந்தி, கோத்தியோடு வடிவத்தில் ஒற்றுமை இருக்கிறது. அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம்): வீட்டுக்குத் தெரியும், ஆனால் யாரும் பேசுவதில்லை. என் நிலை இது. மெக்சிகோவிலும் இப்படியா?

பதில்: அப்படியேதான். பாடகர் ஹுவான் கப்ரியேலிடம் 2002இல் தொலைக்காட்சிப் பேட்டியில், நீங்கள் கே என்று சொல்கிறார்களே, உண்மையா என்று நேரடியாகவே கேட்டார்கள். "கண்ணுக்குத் தெரிவதைக் கேட்க மாட்டார்கள் என்பார்கள், மகனே" என்றார் அவர். மெக்சிகோவில் இது பழமொழி அளவுக்குப் பரவிவிட்டது. மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, கேட்டவரைத்தான் கொஞ்சம் கூச வைத்தார்.

வெளிப்படையாக அறிவிக்காதவன் பயந்தவன், ஏமாற்றுகிறவன் என்று பார்க்கும் பார்வை அமெரிக்க கே அரசியலில் பலமாக இருந்தது. மெக்சிகோ பற்றிய ஆய்வுகளில் தெரிவது வேறு. காதலன் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருவான், அம்மா அவனுக்கும் தட்டு வைப்பாள், எல்லோருக்கும் அவன் 'நண்பன்'. இதை முழு ஏற்பு என்று சொல்ல மாட்டேன். அந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு, அதை எப்போதும் மகன்தான் கொடுக்கிறான். ஆனாலும் அதை வெறும் ஒளிதல் என்று தள்ளிவிட்டால் அந்த உறவில் உள்ள பாதி விஷயம் கண்ணில் படாது. உங்கள் வீட்டுக்கு எது சரி என்று நான் சொல்ல முடியாது. பேசாமல் இருப்பதாலேயே நீங்கள் பின்தங்கியவர் என்று மட்டும் யாரும் சொல்லவிட வேண்டாம்.

கேள்வி (வழக்கறிஞர், கோவை): மெக்சிகோவில் சட்டம் எப்படி?

பதில்: தாளில் வெகு சீக்கிரமே தாராளம். பிரெஞ்சுச் சட்ட மரபைப் பின்பற்றி எழுதிய 1871 குற்றவியல் சட்டத்தில், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் ஒருபால் உறவு தனிக் குற்றமாகவே இல்லை. ஆனால் 'பொது ஒழுக்கத்துக்கு விரோதம்' என்ற பிரிவு கையில் இருக்கும்போது போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

1901 நவம்பரில் மெக்சிகோ சிட்டியில் ஒரு தனியார் நடன விருந்தில் புகுந்து 41 பேரைப் பிடித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பெண் உடையில் இருந்தார்கள். நாற்பத்திரண்டாவதாக ஒருவர் இருந்தார், அவர் அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் மருமகன், அதனால் தப்பவிட்டார்கள் என்று அன்றே வதந்தி. ஓவியர் போசாதா கேலிச்சித்திரம் போட்டுத் தள்ளினார். அதன் பிறகு அந்த நாட்டில் 41 என்ற எண்ணே வசவாகிவிட்டது.

1979இல் மெக்சிகோ சிட்டியில் தன்பாலீர்ப்பாளர்களின் முதல் பெருமைப் (பிரைட்) பேரணி. 2010 மார்ச்சில் அதே நகரத்தில் ஒருபால் திருமணம் நடைமுறைக்கு வந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் தடைகள் செல்லாது என்றது; ஒவ்வொரு மாநிலமாக நகர்ந்து, கடைசி மாநிலமான தமௌலிபாஸ் 2022 அக்டோபரில் வந்து சேர்ந்தது.

கேள்வி (அதே வழக்கறிஞர்): அமெரிக்கா இவர்களை எப்போதும் வரவேற்றதா?

பதில்: எங்கே! 1952 குடியேற்றச் சட்டத்தில் 'மனநோய்க் குணம்' என்ற பிரிவின் கீழ் தடுத்தார்கள். போதவில்லை என்று 1965இல் 'பாலியல் பிறழ்வு' என்று தனியாகவே சேர்த்தார்கள். 1967இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. 1990இல்தான் நீக்கினார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 1987இல் போட்ட நுழைவுத் தடை 2010 ஜனவரியில்தான் விலகியது. ஒருபால் துணைக்கு கிரீன் கார்டு வாங்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திர பூமியின் கதவு இப்படித்தான் இருந்தது.

கேள்வி (ஆய்வு மாணவி, புதுச்சேரி): மேடம், அகதித் தஞ்சம் பற்றிச் சொல்லுங்கள். மெக்சிகோ கே ஆண்களுக்குக் கிடைக்கிறதா?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டுவேன். தன்பாலீர்ப்பாளரான கியூபாக்காரர் ஒருவரின் வழக்கை 1994இல் ஜேனட் ரீனோ, அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, முன்னுதாரணமாக அறிவித்தார். அதே ஆண்டு மெக்சிகோ ஆண் ஒருவருக்கும் தஞ்சம் கிடைத்தது.

2000இல், கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது சுற்று (Ninth Circuit) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மெக்சிகோவில் சிறு வயதிலிருந்தே பெண் போல நடந்துகொண்டதால் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு, போலீஸ்காரர்களாலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவர் தஞ்சம் கேட்டார். கீழே இருந்த நீதிபதி, உடையை மாற்றிக்கொள்ளலாமே, இது மாற்ற முடியாத அடையாளம் இல்லையே என்கிற மாதிரி பேசி மறுத்திருந்தார். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லத்தீன் அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் நிபுணர் சாட்சி சொன்னார்: அங்கே ஆண் பங்கு வகிப்பவனை விட்டுவிடுவார்கள், பெண் பங்கு வகிப்பவனைத்தான் வதைப்பார்கள் என்று. தஞ்சம் கேட்டவர் மேல்முறையீட்டில் ஜெயித்தார். 'பெண் பாலியல் அடையாளம் கொண்ட கே ஆண்கள்' தஞ்சம் கேட்கத் தகுதியுள்ள தனிச் சமூகக் குழு என்று தீர்ப்பு வந்தது.

கவனித்தீர்களா? கேரியர், அல்மாகேர் எழுதிய ஆக்டிவோ-பசிவோ பாகுபாடு நீதிமன்றத்துக்குள் நுழைந்து ஒரு சட்ட வகையாகவே வெளியே வந்துவிட்டது. அவர் பிழைத்தார், சந்தோஷம். ஆனால் அடுத்து வருகிற, மீசை வைத்த, சட்டை பேண்ட் போட்ட கே ஆள் என்ன செய்வார்? "உன்னைப் பார்த்தால் தெரியவில்லையே" என்ற சந்தேகத்தோடு அவர் மல்லுக்கட்ட வேண்டும். கான்டு எரிச்சலோடு சுட்டிக்காட்டியது இன்னொன்று: தஞ்சம் வேண்டுமென்றால் தன் நாடு முழுக்கக் காட்டுமிராண்டித்தனம், அதற்குக் காரணம் அதன் 'கலாச்சாரம்' என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தெருக்களில் கே ஆண்கள் அடிபடும்போது மட்டும் யாரும் கலாச்சாரத்தை இழுப்பதில்லை.

பிறகு காற்று திசை மாறியது. மெக்சிகோவில் திருமணமே வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று மனுக்களைத் தள்ள ஆரம்பித்தார்கள். 2015இலும் 2017இலும் அதே ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் இதைத் திருத்தியது: ஏட்டில் உள்ள சட்டம் வேறு, ஊரில் போலீஸ் நடந்துகொள்வது வேறு, கே ஆட்களுக்கு வந்த உரிமையை வைத்துத் திருநங்கையின் பயத்தை அளக்கக் கூடாது. நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும் என்ற 1996 விதியையும் மறக்காதீர்கள். தன் பாலியல்பு தஞ்சத்துக்கு ஒரு காரணமாகும் என்பதே தெரியாமல் அந்த ஓராண்டைக் கோட்டைவிடுவது சுலபம்.

கேள்வி (வாசகர், சிங்கப்பூர்): சான் டியேகோவையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் டிஹுவானா நகரம் கூப்பிடு தூரம் என்பதால். விசா உள்ளவர் வாரக் கடைசியில் டிஹுவானா பாருக்குப் போய்த் திரும்புவார். காகிதம் இல்லாதவருக்கு அதே இருபது முப்பது கிலோமீட்டர் ஒருவழிப் பாதை. அம்மா இறந்தால்கூடப் போய்வர முடியாது. ஹில்கிரெஸ்ட் என்ற கே பகுதியில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே வெள்ளைக்கார ஆண்கள் இவர்களை 'சூடான ரத்தம், ஆசை மிகுந்தவர்கள்' என்று பார்ப்பார்கள். சிலருக்கு அது எரிச்சல். சிலர் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்: ஆமாம், எங்களுக்குக் காதலிக்கத் தெரியும், அவர்கள் ரொம்ப வறட்சி என்று. துரை ஊட்டிய பிம்பம் என்று மட்டும் இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (இல்லத்தரசி, ஈரோடு): பெண்கள்?

பதில்: ஆய்வு குறைவு, அது பெரிய குறை. 1960இல் எல்லை நகரமான எல் பாசோவில், ஏற்கெனவே அமெரிக்காவில் குடியுரிமையின்றி நிரந்தரமாக வசித்துவந்த மெக்சிகோப் பெண் ஒருவரை, மெக்சிகோ போய்த் திரும்பும்போது தோற்றத்தை வைத்து லெஸ்பியன் என்று சந்தேகித்துத் தடுத்தார்கள். எய்த்னே லுய்பேத் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கேள்வி (புதுச்சேரி மாணவியே மறுபடி): இதே மாதிரி பேட்டி ஆய்வு செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: பாரிலிருந்து மட்டும் ஆள் எடுக்காதே அம்மா. பாருக்கு வராதவன், கல்யாணமானவன், ஆங்கிலம் பேசாதவன் எல்லோரும் விட்டுப்போவார்கள். ஒருவர் மூலம் இன்னொருவர் என்று போகும்போது, வெவ்வேறு வர்க்கத்தில் நான்கைந்து தனித்தனி முனைகளிலிருந்து தொடங்கு. எய்ட்ஸ் காலத்தில் எழுந்த கேள்விகளே இந்தத் துறையை நெடுங்காலம் வழிநடத்தியதால், பழைய கேள்விப் பட்டியல்களில் படுக்கையறைக் கேள்விகள் அதிகம், வாடகை, சம்பளம், தங்கை கல்யாணம் பற்றிய கேள்விகள் குறைவு. உன் பட்டியலில் அதைச் சரிசெய். காகிதம் இல்லாதவரின் ஊர், வேலை செய்யும் கடை, பச்சை குத்தியது எதையும் எழுதாதே. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. கான்டுவை முதலில் படி, பிறகு கரியோ, நடுவில் அலுத்தால் ப்ரியூர்.

தெற்கு மெக்சிகோ நகரமான ஹூச்சித்தானின் முஷேக்கள் (ஆணாகப் பிறந்து, பெண் தன்மையோடு வாழும் மூன்றாம் பாலினத்தவர்) பற்றி வந்த கேள்விகளை எடுத்து வைத்திருக்கிறேன். சபோதெக் என்ற பூர்வகுடிச் சமூகத்தின் விஷயம் அது, குடிபெயர்வோடு சேர்த்துக் குழப்ப விருப்பமில்லை.