தரம் 9 புத்தகத்தைத் தேடி எடுங்கோ

யாழ்ப்பாணத்தில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறன். கணிதத்தில் எங்க தடக்குப்பட்டு நிண்டாலும் கேளுங்கோ.

கேள்வி: மகன் ஏ.எல். முதல் வருசம், சேர். ரெண்டு டியூசன் போறான். வகையிடல் கணக்கெல்லாம் பிழைக்குது. மூண்டாவதும் போடட்டோ?

பதில்: வேண்டாம் அம்மா. இப்பிடியான பிள்ளையளின்ர கொப்பியைத் திறந்தா, வகையிடல், அதாவது ஒண்டு மாறுற வேகத்தைக் காணுற படி, அனேகமாச் சரியாத்தான் இருக்கும். பிறகு வாற சுருக்கலிலதான் விழுவினம். போன கிழமை ஒரு பெடியன், ரெண்டு வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கிற இடத்தில தனித்தனிய மூலம் எடுத்துக் கூட்டிட்டான். "எழுத்தை விட்டிட்டு 3ஐயும் 4ஐயும் போட்டுப் பார்" எண்டன். 9உம் 16உம் 25, மூலம் 5. அவன்ர வழியில 7. கனநேரம் கொப்பியையே பாத்துக்கொண்டிருந்தான். மூண்டாவது டியூசனிலயும் வகையிடல்தான் படிப்பிப்பினம். பின்னம், சுட்டி, காரணியாக்கல், சமனிலி: இந்த நாலையும் பழைய தரம் 9 பாடப்புத்தகத்தில செய்யச் சொல்லுங்கோ.

கேள்வி: சைனை வகையிட்டா கோசைன். பாடமாக்கிட்டன். கோணம் ஏன் ஆரையனில இருக்கோணும்?

பதில்: இதைக் கேக்கிற பிள்ளையள் குறைவு. வில்லின்ர நீளத்தை ஆரையால பிரிச்சா வாறதுதான் ஆரையன். அதால சின்னக் கோணத்தில சைனும் கோணமும் கிட்டத்தட்ட ஒண்டு: 0.1 ஆரையனின்ர சைன் 0.0998. பாகையில பாத்தா 1 பாகையின்ர சைன் 0.01745 தான். பாகையில வகையிட்டா இந்த 0.01745, அதாவது 180இன் கீழ் π எண்ட பெருக்கம், ஒட்டிக்கொண்டே வரும்.

கேள்வி: எனக்கு 41 வயசு. தரவுப் பகுப்பாய்வு பழக விருப்பம். முதல்ல கணிதம் முழுக்கப் படிக்கோணுமோ?

பதில்: இல்லை. தொடங்குங்கோ, தடக்குப்படுற இடத்தை மட்டும் தோண்டுங்கோ. ஆனா சராசரிக்கும் இடையத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் தொடங்காதேங்கோ. நாலு பேருக்குச் சம்பளம் 50 ஆயிரம், ஒருத்தருக்கு 550 ஆயிரம் எண்டா, சராசரி 150 ஆயிரம். அந்தச் சம்பளம் அங்க ஒருத்தருக்கும் இல்லை. இடையம் எண்டா வரிசையா அடுக்கினா நடுவில நிக்கிறது: இங்க 50 ஆயிரம்.

கேள்வி: கிளிநொச்சிப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறன். எல்லாம் ஆங்கிலத்தில எண்டு பயமாக் கிடக்கு.

பதில்: தங்கச்சி, 1860களில மானிப்பாயில கிறீன் வைத்தியர் மேல்நாட்டு வைத்தியத்தையே தமிழில படிப்பிச்சவர். படிச்சவை வைத்தியராய்த்தான் வந்தவை. விசை, திருப்பம் உங்களுக்குத் தமிழில விளங்கியிருந்தா, புதுசாப் படிக்கக் கிடக்கிறது பெயர் மட்டும்தான்.

கேள்வி: சேர், முதல் கேட்ட அம்மாதான். தரம் 9 புத்தகத்தைக் கண்டு மகன் வெக்கப்படுறான்.

பதில்: பேப்பரால உறை போட்டுக் குடுங்கோ.