ரேம் கூட்டினால் கேம் வேகமாகுமா? – கேள்வி பதில்

ரேம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என் பிசியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. 32 ஆக்கினால் எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், வருகிறது என்ற எண்) ஏறுமா?

காசைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. நீங்கள் அதிகம் ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். பிரவுசர், வாய்ஸ் சாட் என்று வழக்கமாகத் திறந்து வைப்பது எல்லாம் திறந்தே இருக்கட்டும். நடுவில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். 11, 12 ஜிபியில் நின்றால் 32 போட்டாலும் பெரிதாக எதுவும் மாறாது. 15-ஐத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றால் 32 கட்டாயம் உதவும்.

படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. கணக்குப் போடுவது பிராசஸர். அந்த இரண்டுக்கும் வேண்டியது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது மட்டும்தான் ரேமின் பொறுப்பு. போதாவிட்டால் கேம் திணறும். போதும் என்றான பிறகு மிச்ச இடம் சும்மாதான் கிடக்கும்.

கேள்வி: எனக்கு 8 ஜிபி ரேம். எஃப்.பி.எஸ். மீட்டர் சராசரி 60 காட்டுகிறது. ஆனால் ஓபன் வேர்ல்டு கேமில் வண்டியில் வேகமாகப் போனால் படம் திடீர் திடீரென்று உறைந்து நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டு கோளாறா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். ரேமிலிருந்து ஒரு தகவல் வர ஏறக்குறைய 100 நானோசெகண்ட் ஆகும், அது கணக்கிலேயே வராது. ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் கொஞ்சம் தகவலை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். அது மறுபடி தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து கொண்டுவர வேண்டும். ஹார்டு டிஸ்க்காக இருந்தால் ஒரு முறை தேடி எடுக்கவே 10 மில்லிசெகண்ட் போய்விடும். பாதி ஃபிரேமுக்கு மேல் அங்கேயே காலி. வண்டி புதுத் தெருவுக்குள் நுழையும்போது இப்படி நூற்றுக்கணக்கான தகவல்களைத் தேட வேண்டியிருந்தால் படம் நிற்காமல் என்ன செய்யும்? எஸ்.எஸ்.டி. இருந்தால் வலி குறையும், ஆனால் போகாது.

சராசரி எஃப்.பி.எஸ்.ஸை மட்டும் பார்த்தால் இது தெரியாது. மீட்டரில் '1 சதவீத லோ' என்று ஒரு எண் இருக்கும், மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 60-ம் அது 15-ம் என்றால், கண்ணுக்குத் தெரியும் திணறல் அந்த 15-தான். 8-லிருந்து 16-க்குப் போனவர்கள் "புது பிசி மாதிரி இருக்கிறது" என்பார்கள். சராசரி கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும், 1 சதவீத லோ எகிறியிருக்கும்.

கேள்வி: ஒரே 16 ஜிபி ஸ்டிக் போடுவதா, இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போடுவதா?

இரண்டு எட்டு, யோசிக்கவே வேண்டாம். ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே தகவல் போகும் பாதைதான் சேனல். டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை, அடுத்தது டிடிஆர்5) 3200 ஸ்டிக் ஒன்று ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி வரை கொடுக்கும். இரண்டு பாதையும் சேர்ந்து ஓடும் டூயல் சேனலில் அது 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு இது பெரிய விஷயம். அந்தக் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, இந்த ரேமைத்தான் அதுவும் பயன்படுத்த வேண்டும்.

ஸ்லாட்டையும் கவனியுங்கள். நண்பர் ஒருவரின் பிசியைத் திறந்து பார்த்தபோது, நான்கு ஸ்லாட்டில் பிராசஸரை ஒட்டிய முதல் இரண்டில் ஸ்டிக்குகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. இரண்டும் ஒரே சேனல். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கொக்கியை விலக்கி, இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றினோம். 'டிக்' என்று கொக்கி மூடும் சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும், பலர் பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். பைசா செலவில்லாமல் டூயல் சேனல் வந்துவிட்டது. பெரும்பாலான போர்டுகளில் இதுதான் சரியான ஜோடி, இருந்தாலும் மேனுவலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ரேம் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் 4800 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. டிடிஆர்5 ரேம் முதலில் பாதுகாப்பான வேகத்தில்தான் எழும். பயாஸுக்குள் (பிசி எழும்போது வரும் போர்டின் அமைப்புப் பக்கம்) போய் எக்ஸ்.எம்.பி. அல்லது, ஏ.எம்.டி. போர்டு என்றால், எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்து சேமியுங்கள், பெட்டியில் போட்ட வேகத்துக்கு அதுதான் வழி. ரேம் வாங்கிய அன்றே எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி: அப்புறம் அந்த சி.எல். எண்? குறைவாக இருந்தால் நல்லதா?

கேட்ட தகவலைத் தர ரேம் எத்தனை துடிப்பு காத்திருக்க வைக்கிறது என்பதுதான் சி.எல். அதைத் தனியாகப் பார்க்கக் கூடாது. சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேம் வேகத்தால் வகுங்கள். 3200 சி.எல்.16 என்றால் 10 நானோசெகண்ட். 6000 சி.எல்.30 என்றாலும் அதே 10. தாமதம் ஒன்றுதான், ஆனால் பின்னது ஒரே நேரத்தில் அதிகம் அள்ளித் தரும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி வீரேம் (கார்டின் சொந்த மெமரி) போதவில்லை. பிசி ரேமைக் கூட்டினால் ஈடுகட்டுமா?

ஈடுகட்டாது. வீரேம் நிரம்பினால் மிச்சம் பிசி ரேமுக்கு வழிவது உண்மை. ஆனால் போகும் பாதை குறுகல். கார்டைப் போர்டோடு இணைக்கும் பி.சி.ஐ.இ. 4.0 பாதையில் 16 லேன் (தடம்) முழுதாக இருந்தாலும் ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 32 ஜிபிதான். கார்டின் சொந்த மெமரியோ நொடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி தரும். கேமில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அளவை ஒரு படி குறையுங்கள், அதுவே மருந்து.

கேள்வி: மைன்கிராஃப்டுக்கு 12 ஜிபி ஒதுக்கியும் விட்டு விட்டு நிற்கிறதே?

அதிகம் ஒதுக்கியதாலேயே நிற்கலாம். அதன் ஜாவா பதிப்பு, பயன்படுத்தி முடித்த மெமரியை அவ்வப்போது கூட்டிப் பெருக்கும். குப்பை மலையாகச் சேரவிட்டால் பெருக்கும் நேரமும் நீளலாம். பெரிய மாட் பேக் (கேமோடு சேர்க்கும் கூடுதல் மாற்றங்களின் தொகுப்பு) இல்லையென்றால் 4 ஜிபி வைத்து ஆடிப் பாருங்கள்.

கேள்வி: ரேம் க்ளீனர் சாஃப்ட்வேர் போடலாமா?

வேண்டாம். காலியாகத் தெரியும் ரேமில் விண்டோஸ் சமீபத்தில் படித்த ஃபைல்களை வைத்திருக்கும். தேவை வந்தால் உடனே விட்டுக்கொடுக்கும். க்ளீனர் அதைத் துடைத்தால் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஸ்டிக்கோடு வேறு வேகத்தில் புது ஸ்டிக் சேர்க்கலாமா?

ஒரே தலைமுறை என்றால் பெரும்பாலும் ஓடும், இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். டிடிஆர்4-ஐயும் டிடிஆர்5-ஐயும் கலக்க முடியாது. இரண்டிலும் 288 பின் இருந்தாலும் ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் உட்காராது, அழுத்தி உடைத்துவிடாதீர்கள். கலந்து போட்டால் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தால்கூட அந்த ஜோடி வேண்டாம்.

கேள்வி: 64 ஜிபி யாருக்குத்தான் தேவை?

கேமுக்கு மட்டும் என்றால் மிகச் சிலருக்கு. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024 பரிந்துரைப்பது 32, உச்ச அமைப்புக்குத்தான் 64 கேட்கிறது. வீடியோ எடிட்டிங்கும் சேர்த்துச் செய்பவர்கள் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் சேருங்கள்.