மனிதனும் கணினியும் சேர்ந்த அணியால், தனித்து ஆடும் செஸ் எஞ்சினை இன்றும் வெல்ல முடியுமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஸ் ஆடும் கணினி நிரலான எஞ்சினை, விரைவு ஆட்டத்திலும் வழக்கமான நேரக் கட்டுப்பாட்டிலும் வெல்ல முடியாது. ஒரு நகர்வுக்கு நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கும் அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் மனிதனுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் டிராவில் முடிகிறதே ஒழிய வெற்றியில் முடிவதில்லை. கேள்வி கேட்டவர், 2005-இல் இரண்டு சாதாரண ஆட்டக்காரர்கள் கணினிகளின் துணையோடு கிராண்ட்மாஸ்டர்களை முந்திய செய்தியைச் சுட்டிக்காட்டி, அது இன்றைக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். எஞ்சின் துணை அனுமதிக்கப்பட்ட அஞ்சல்வழி ஆட்டங்களை ரங்கூனில் இருந்தபடி இணையத்தில் பல ஆண்டுகளாக ஆடிவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மனிதனும் கணினியும் சேர்ந்து ஆடும் முறையை அரங்கேற்றியவர், உலக சாம்பியனாக இருந்த காஸ்பரோவ். 1997 மே மாதத்தில் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியிடம் தோற்ற அவர், அடுத்த ஆண்டே ஸ்பெயினின் லியோன் நகரில், ஆளுக்கொரு கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்கேரிய கிராண்ட்மாஸ்டர் டோபலோவுடன் ஆறு ஆட்டங்கள் ஆடினார். அதற்குச் சற்று முன்னர் கணினி இல்லாத விரைவு ஆட்டங்களில் டோபலோவை 4–0 என்று வீழ்த்தியிருந்தவருக்கு, கணினி வந்ததும் 3–3 தான் கிடைத்தது. வரிசை வரிசையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் அவருக்கிருந்த மேன்மை, இருவருக்கும் ஒரே அளவு கணக்குத் திறன் கிடைத்தவுடன் மறைந்துபோயிற்று. 1999-இல் அதே லியோனில் நம் ஆனந்த் இதே முறையில் முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவை 5–1 என்று வென்றார்.

2005-இல் பிளேசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் நடந்த போட்டியின் விதி இன்னும் தாராளமானது: எத்தனை பேர் வேண்டுமானாலும், எத்தனை கணினிகளை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டு ஆடலாம். வென்றவர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஸ்டீவன் கிராம்டன், ஸாக்கரி ஸ்டீபன் என்ற இருவர். ஒருவருடைய தரப்புள்ளி 1685, மற்றவருடையது 1398; இரண்டுமே சாதாரண ஆட்டக்காரர்களின் அளவு. கையில் மூன்று கணினிகள். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டனில் ஆங்கிலேய கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5.5–0.5 என்று நசுக்கிய, தனக்கென வடிவமைத்த வன்பொருளில் ஓடும் ஹைட்ரா என்ற எஞ்சினும் அப்போட்டியில் இருந்தது. ஆனால் ஹைட்ராவால் இறுதிச் சுற்றை எட்ட முடியவில்லை. அர்னோ நிக்கெல் என்ற ஜெர்மானிய அஞ்சல்வழி கிராண்ட்மாஸ்டரும், வீட்டுக் கணினியின் துணையோடு ஹைட்ராவை அஞ்சல்வழி ஆட்டத்தில் வென்றிருக்கிறார்.

இந்தச் செய்தியை மேடைதோறும் எடுத்துச் சொல்பவர்கள், அந்த இருவரும் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நகர்வைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் எஞ்சினோடு போட்டியிடவில்லை. வெவ்வேறு எஞ்சின்களை ஒரே நிலையில் ஓடவிட்டு, அவை ஒத்துப்போகும் இடங்களில் நேரத்தை வீணாக்காமல், முரண்படும் இடங்களில் மட்டும் ஆழமாகத் தோண்டினார்கள். எந்த எஞ்சின் எவ்வகை நிலையில் நம்பத்தக்கது, எதில் தடுமாறும் என்பது அவர்களுக்கு நீண்ட பழக்கத்தால் தெரிந்திருந்தது. ஒரே கிணற்று நீரை எந்தப் பாத்திக்கு எப்போது திருப்புவது என்று அறிந்த விவசாயியின் வேலையைப் போன்றது அது. சதுரங்கத் திறமை குறைந்திருந்தாலும் இந்த வேலையைச் சிறப்பாகச் செய்ய முடிந்தது என்பதுதான் அந்த வெற்றியின் உட்பொருள். காஸ்பரோவும் பிற்பாடு ஏறத்தாழ இதே முடிவைத்தான் எழுதினார்.

அந்த வாய்ப்பு எப்படிச் சுருங்கியது என்பதற்கு ஒரு சான்று போதும். 2014-இல், அன்றைய உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஹிகாரு நாகமுராவுக்கு இரண்டு ஆட்டங்களில் ரிப்கா எஞ்சினின் பழைய பதிப்பு ஒன்று துணைக்குத் தரப்பட்டது. மற்ற இரண்டு ஆட்டங்களில் அவருக்கு ஒரு சிப்பாய் சலுகை, அதாவது எதிர்ப்பக்கம் ஒரு சிப்பாய் குறைவாக ஆடியது. எதிரில் ஆடியது ஸ்டாக்ஃபிஷ் என்ற புதிய எஞ்சின். நான்கில் ஒன்றைக்கூட நாகமுராவால் வெல்ல முடியவில்லை. சில ஆண்டு பழைய எஞ்சினும் தலைசிறந்த மனித மூளையும் சேர்ந்தாலும் புதிய எஞ்சின் ஒன்றுக்கு ஈடாகவில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. 2017 இறுதியில், தானே தன்னுடன் ஆடிக் கற்றுக்கொண்ட ஆல்ஃபாஸீரோ என்ற நிரல், ஸ்டாக்ஃபிஷ் 8-உடன் 100 ஆட்டங்கள் ஆடி 28-இல் வென்று 72-ஐ டிரா செய்தது. 2020-இல், ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக உருவான நரம்பு வலையமைப்பு முறையொன்று ஸ்டாக்ஃபிஷுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அதுவரை மனிதன் தன் பங்காகச் சொல்லிக்கொண்டிருந்த "நிலையைப் பார்த்தவுடன் மதிப்பிடும் உணர்வு" இதற்குப் பின் எஞ்சினிடமே போய்விட்டது. இன்று நீங்கள் எஞ்சினின் முதல் தேர்வை ஒதுக்கிவிட்டு உங்கள் விருப்பத்துக்கு ஆடினால், உங்கள் அணி வலுப்பெறுவதைவிட வலுவிழப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் அஞ்சல்வழி ஆட்டத்தில் நான் தினமும் செய்யும் வேலை, அந்த நியூ ஹாம்ப்ஷயர் இருவர் செய்ததைப் பெரிதும் ஒத்தது. அதற்குக் காரணம் எங்கள் ஊரின் மின்சாரம். ரங்கூனில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. வந்திருக்கும் சில மணி நேரத்துக்குள் தண்ணீர் மோட்டார், சோறு வடிக்கும் குக்கர், பேட்டரி சார்ஜ் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவற்றோடு என் மடிக்கணினியும் வரிசையில் நிற்கிறது. ஐரோப்பாவில் இருக்கும் எதிராளியின் கணினி இரவும் பகலும் ஓடுகிறது, என்னுடையது ஓடுவதில்லை. ஆகவே மின்சாரம் இல்லாத நேரத்தில் பலகையை விரித்து, எந்த நகர்வுக் கிளைகள் பார்க்கத் தகுந்தவை, எவை நாற்பது நகர்வு போனாலும் டிராவைத் தாண்டாதவை என்று தாளில் எழுதிவைத்துக்கொள்கிறேன். மின்சாரம் வந்ததும் அந்த இரண்டு மூன்று கிளைகளின் நுனியில் எஞ்சினை உட்காரவைக்கிறேன். தொடக்க நிலையிலிருந்து ஓரிரவு முழுவதும் ஓடவிட்டாலும் எட்டாத ஆழம், இப்படி முன்னே கொண்டுபோய் விட்டால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடுகிறது. வசதியான கணினிகளை எதிர்த்து நான் பெரும்பாலும் டிரா எடுக்க முடிவதற்கு இதுவே காரணம்.

யார் எவ்வளவு முன்னிலை என்று சிப்பாய்க் கணக்கில் எஞ்சின் காட்டும் எண்ணை எப்போது நம்பாமலிருப்பது என்பது இன்னொரு வேலை. ஒரு நிலையைச் சொல்கிறேன். வெள்ளைச் சிப்பாய்கள் சி4, டி5, இ4 கட்டங்களிலும், கறுப்புச் சிப்பாய்கள் சி5, டி6, இ5 கட்டங்களிலும் நடுப்பலகையைப் பூட்டிவிட்டன. எனக்கு இட வசதி அதிகம். எஞ்சின் ஒன்றரைச் சிப்பாய் அளவுக்கு என் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஏ4, பி5 என்று என் சிப்பாய்களை முன்தள்ளுவது அதன் முதல் தேர்வு. ஏ5, பி6 கட்டங்களில் சிப்பாய்களை நிறுத்தி எதிராளி பதில் சொன்னால் அந்தப் பக்கம் முழுவதும் அடைபட்டுப்போகும். எண் மட்டும் இறங்காமல் அப்படியே நிற்கும், பத்து நகர்வு கழிந்தாலும் ஏறாது. முன்னேற்றம் இல்லாத அந்த அசைவின்மைதான் எச்சரிக்கை. எந்தப் பக்கத்தைத் திறந்துவைப்பது என்று அந்த இடத்தில் தீர்மானிப்பது இன்னும் மனிதனுக்கு உரியதாக இருக்கிறது.

இதன் உச்சமான எடுத்துக்காட்டாக, 2017-இல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் அமைந்த நிறுவனம் வெளியிட்ட புதிரைச் சொல்லலாம். கறுப்புக்கு ராணி, இரண்டு யானைகள், கறுப்புக் கட்டங்களில் மட்டுமே நடக்கும் மூன்று மந்திரிகள். வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டும். எஞ்சின்கள் கறுப்பு வென்றுவிட்டதாகவே காட்டின. ஆனால் ராணியும் யானைகளும் சிப்பாய்ச் சுவருக்குப் பின்னால் கூண்டில் அடைபட்டிருக்கின்றன. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவிக்கொண்டிருந்தால் மந்திரிகளால் அதைத் தொடவே முடியாது. ஓரளவு ஆடத் தெரிந்தவர் சில நிமிடங்களில் இதைக் கண்டுகொள்வார். இதைக் கொண்டு மனித அறிவின் மேன்மை நிலைநாட்டப்பட்டதாகச் சிலர் எழுதினார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். உண்மையான ஆட்டங்களில் இத்தகைய நிலை மிக அரிது.

அஞ்சல்வழி உலகப் போட்டிகளில் எஞ்சின் அனுமதிக்கப்பட்டதுதான். அண்மைக்கால இறுதிச் சுற்றுகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவாக முடிகின்றன. ஒன்றிரண்டு வெற்றிகளே பட்டத்தைத் தீர்மானிக்கின்றன. இரு தரப்பிலும் ஒரே எஞ்சினும் போதிய நேரமும் இருக்கும்போது சதுரங்கம் என்ற ஆட்டமே டிராவை நோக்கி இழுக்கிறது. எஞ்சின்களுக்கு இடையே நடக்கும் டிசெக் (TCEC) என்ற சாம்பியன் போட்டியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே, ஒரு பக்கம் சற்றே சாய்ந்த தொடக்க நிலைகளை மனிதர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, இரு எஞ்சின்களையும் நிறம் மாற்றி ஆடவைக்கிறார்கள். முழுக்க எஞ்சின்களுக்கான போட்டியிலும் ஆட்டம் சுவைப்படுவதற்கு அந்தத் தேர்வு தேவைப்படுகிறது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நீங்களே முயன்று பார்க்க விரும்பினால், வேகமான ஆட்டத்தை விட்டுவிட்டு, நகர்வுக்கு ஓரிரு நாள் கிடைக்கும் அஞ்சல்வழி ஆட்டத்தில் தொடங்குங்கள். எஞ்சினில் முதல் நகர்வை மட்டும் பார்க்காமல் நான்கைந்து நகர்வுகளை ஒருசேரக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே எண் வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும் இடங்களில்தான் உங்கள் தேர்வுக்கு மதிப்புண்டு. கூடவே, எங்கள் பர்மாவின் பழைய சதுரங்கமான சிட்டுயினையும் பாருங்கள். அதில் சிப்பாய்களைத் தவிர மற்ற காய்களை, ஆட்டம் தொடங்குமுன் அவரவரே தம் விருப்பப்படி நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்டாக்ஃபிஷிலிருந்து கிளைத்த ஃபேரி-ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினுக்கு இந்த ஆட்டமும் தெரியும். காய் நிறுத்தும் கட்டத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்வரும் நகர்வுகளை எஞ்சினிடம் விட்டு, அதே எஞ்சின் தனித்து ஆடும் எதிர்ப்பக்கத்தோடு மோதவிடலாம். நான் இப்போது அந்தச் சோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.