உறுமுகிற மோட்டார் செத்த மோட்டார் இல்லை

போன இதழில், மிக்ஸி பற்றிய ஒரு பதிலின் கடைசியில், ‘திருகு டைமர் வைத்த பழைய வாஷிங் மெஷின் வீட்டில் இருந்தால் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். மிக்ஸியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதம் முழுக்க வாஷிங் மெஷின்தான். சரி, இந்த முறை அதையே பேசிவிடலாம்.

கேள்வி: 2006ல் வாங்கிய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் எங்களுடையது. பத்து நாளாகத் துவைக்கிற பக்கம் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறதே தவிர சுற்றுவதில்லை. பிழிகிற பக்கம் நன்றாக ஓடுகிறது. பெங்களூரில் இருக்கும் மகன், “எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கம்மா, போனிலேயே ஓட்டுகிற மாதிரி புதுசு வாங்கித் தருகிறேன்” என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, பெருந்துறை

பதில்: மகனை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கம்மா. உறுமுகிற மோட்டார் செத்த மோட்டார் இல்லை. கரண்ட் வந்து சேர்கிறது, ஆனால் கிளம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, துவைக்கிற தொட்டிக்குள் அடிப்பக்கம் இருக்கிற தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அதற்கடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. சட்டை ஊக்கு, ஒரு ரூபாய்க் காசு, குழந்தையின் சாக்ஸ், இந்த மூன்றைத்தான் நான் அதிகம் எடுத்திருக்கிறேன். தட்டு லேசாகச் சுற்றினால் பெரும்பாலும், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கன்டென்சர் (கெபாசிட்டர்) போயிருக்கும். சில நூறு ரூபாய் வேலை. எலக்ட்ரீஷியனை வைத்தே மாற்றுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும்.

இது எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். நான் மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, கட்டுகிறவன். 1989ல் ஈரோட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்தபோது அங்கே வந்ததெல்லாம் கிணற்று மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும்தான். கொஞ்ச நாள் கழித்து ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வாஷிங் மெஷின் வந்தது. பட்டறையே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மேஸ்திரி பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “அட, நம்ம கிரைண்டரோட தம்பிடா இது” என்றார். அன்றோடு பயம் போய்விட்டது.

துவைக்கிற மோட்டாரில் இரண்டு காயில், இரண்டும் ஒரே அளவு. கன்டென்சர் எந்தக் காயிலோடு சேர்கிறதோ அதைப் பொறுத்து மோட்டார் வலப்பக்கமோ இடப்பக்கமோ சுற்றும். கொஞ்சம் இப்படி, ஒரு நிறுத்தம், கொஞ்சம் அப்படி என்று மாற்றிக் கொடுப்பதுதான் டைமரின் வேலை. டைமரைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங், சில பல்சக்கரங்கள், மேடும் பள்ளமுமாக ஒரு தட்டு. நீங்கள் குமிழைத் திருகும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது, அந்த முறுக்கு அவிழ அவிழ நேரம் ஓடுகிறது. சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரமேதான். அதனால்தான் கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு டர்ர்ர் என்று ஓடி முடிந்துவிடும். 2012 மின்வெட்டில் இதைக் கண்டுபிடிக்காத வீடே நம் பக்கம் கிடையாது. கரண்ட் திரும்பி வரும்போது டைமர் பூஜ்யத்தில் நிற்கும், துணி சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கும்.

ஆக, இந்த மெஷின் தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. உறுமிக்கொண்டு நின்றால் கன்டென்சரைப் பார். ஒரே பக்கமாகச் சுற்றினால் டைமருக்குள் ஒரு கான்டாக்ட் கரிந்திருக்கும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் தட்டு சுற்றாவிட்டால் பெல்ட். சத்தமே வராவிட்டால் எலி வயரைக் கடித்திருக்கும், மெஷினுக்கு அடியில் ஒரு கம்பி வலை அடித்துவிடுங்கள். காயிலே கருகிவிட்டாலும் மறுபடி கட்டலாம். கோயமுத்தூரிலிருந்து பவானி வரைக்கும் காயில் கட்டத் தெரிந்த ஆள் இல்லாத ஊர் எது, சொல்லுங்கள்.

தொட்டியே விரிசல் விட்டிருந்தால் மட்டும் மகன் சொல்கிறபடி செய்யுங்கள். அதை ஒட்டி ஓட்டுவது ஆகாத வேலை.

கேள்வி: ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. பாதியில் நின்று ஏதோ எழுத்து மின்னுகிறது. மெக்கானிக் வந்தால், “தண்ணி பிரஷர் பத்தலைங்க” என்கிறார். தொட்டி மொட்டை மாடியில்தான் இருக்கிறது. போர் தண்ணீர். அம்மா வீட்டில் பழைய மெஷின் இருபது வருஷமாக ஓடுகிறது. பழசே மேலா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மெக்கானிக் சொன்னது பொய் இல்லைங்க. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சுமார் ஒரு கிலோ பிரஷர். நிறைய மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.3 கிலோ வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அப்படியென்றால் தொட்டித் தண்ணீர் மெஷினின் வால்வுக்கு மேலே மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டில், தொட்டியைத் தளத்திலேயே வைத்திருந்தால், இது நூலிழையில்தான் நிற்கும். தொட்டி பாதி காலியானால் அதுவும் போச்சு.

போதாததற்கு உங்கள் ஊர் சப்பைத் தண்ணி, அதாவது உப்பேறிய கடினத் தண்ணீர். குடிதண்ணீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. நம் போர்களில் பல அந்த 600ஐயும் தாண்டும். அந்த உப்பும் மண்ணும் பைப் சேருகிற இடத்தில் இருக்கிற குட்டி வலையில் போய் அடைக்கும். குழாயை மூடிவிட்டு, பைப்பைக் கழற்றி, வலையைக் குறட்டால் மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தாலே பாதித் தொல்லை தீரும். தீராவிட்டால் தொட்டிக்கு ஸ்டாண்டு போட்டு உயர்த்துங்கள். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் என்றால் ஹீட்டரிலும் உப்பு வெள்ளையாகப் படியும். துணி போடாமல், கொஞ்சம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு, சூடான தண்ணீரில் ஒரு ஓட்டு ஓட்டுங்கள்.

அம்மா வீட்டு மெஷினும் அதே சப்பைத் தண்ணியைத்தானே குடிக்கிறது என்பீர்கள். குடிக்கிறது, ஆனால் அதற்கு வால்வும் கிடையாது, பிரஷர் பார்க்கிற சென்சாரும் கிடையாது. குடத்தில் மொண்டு ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஆசைப்பட்டுப் புது மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரே ஒரு இடி. மெஷின் ஊமையாகிவிட்டது. மெஷினை ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்றார்கள். மெஷின் விலையில் கிட்டத்தட்டப் பாதி கேட்டார்கள், அதற்கும் ‘ஸ்டாக் வரணும்’ என்று ஐந்து வாரம் இழுத்தார்கள். முப்பது வருஷம் மோட்டார் பார்த்தவன் நான். அந்தப் போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே பிசின் மாதிரி ஊற்றி மூடியிருந்தது. ஈரம் போகாமல் இருக்க ஊற்றுகிறார்களாம். அது நியாயம்தான், நானும் உள்ளே போக முடியாது என்பதுதான் சிக்கல். அந்த ஐந்து வாரமும் மகள் பொடக்காளிக் (கொல்லைப்புறக்) கல்லில்தான் துவைத்தாள். “ஊருக்கெல்லாம் மோட்டார் கட்டற அப்பன்” என்று அவள் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

புதிய மெஷின் கெட்டது என்று சொல்ல வரவில்லை. கெட்டுப்போனால் அதை என்னால் திறக்க முடியவில்லை என்கிறேன்.

கேள்வி: பழைய மெஷின் கரண்டைக் குடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், காங்கேயம்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். துவைக்கிற மோட்டார் சுமார் 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துவைப்பதும் அலசுவதுமாக முக்கால் மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். பிழிகிற மோட்டார் ஐந்து நிமிஷம் ஓடுவது கணக்கிலேயே வராது. புதிய மெஷினில் 2000 வாட் ஹீட்டரைப் போட்டு அரை மணி நேரம் தண்ணீர் சுட வைத்தால் அதுவே ஒரு யூனிட். பச்சைத் தண்ணீரிலேயே துவைத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இலவச யூனிட் போக நீங்கள் கட்டுகிற பில்லில் இதைத் தேடினாலும் கிடைக்காது.

தண்ணீர்தான் வேறு கதை. குழாயைத் திறந்துவிட்டு அலசினால் பழைய மெஷின் ஊதாரி. ஆனால் அதே சோப்புத் தண்ணீரில் முதலில் வேட்டி, அப்புறம் கலர் சீலை, கடைசியில் மிதியடி என்று மூன்று ஈடு எடுக்கிற சாமர்த்தியம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. தானியங்கி மெஷின் அந்தத் தண்ணீரை உங்களைக் கேட்காமல் சாக்கடைக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: சரவணம்பட்டியில் தனியாக அறை எடுத்துத் தங்கி, ஐ.டி. வேலை பார்க்கிறேன். அம்மா ஊரிலிருந்து பழைய மெஷினை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன் என்கிறார். நீங்களும் பழசைத்தான் புகழ்கிறீர்கள். வாங்கிக்கொள்ளட்டுமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி. அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். தண்ணீர் பிடிக்க ஒரு தடவை, வடிக்க ஒரு தடவை, ஈரத் துணியைத் தூக்கி அந்தப் பக்கம் போட ஒரு தடவை என்று கூடவே நிற்க வேண்டும். நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது டைமர் மணி அடித்தால் யார் எடுப்பது? தானியங்கியே வாங்குங்கள். ஆப், வைஃபை எதற்கும் காசு கொடுக்காதீர்கள். பட்டன் குறைவாக இருப்பதைப் பாருங்கள். இடி மழையில் பிளக்கைப் பிடுங்கிப் போடுங்கள். மூட்டுவலி இருக்கிற பெரியவர்களுக்கும் இதே பதில்தான். நனைந்த போர்வையைத் தொட்டியிலிருந்து தொட்டிக்குத் தூக்குவதை நினைத்தால் எனக்கே இடுப்பு பிடிக்கிறது.

அம்மாவிடம் மெஷினை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுப்புகிறேன் என்றுதான் சொல்வார், அதில்லாமல் அவருக்குக் கை ஓடாது.

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் திருகு டைமர் வைத்த பழைய மெஷினைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்களாமே?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: இருக்கிறார்கள். அவர்களுடைய டைமர் நம்முடையதைப் போல ஸ்பிரிங் இல்லை. கடிகார மோட்டார் மாதிரி ஒரு குட்டி மோட்டார் மேடு பள்ளம் வைத்த உருளையைச் சுற்றும், அந்த உருளைதான் தண்ணீர் விடுவதிலிருந்து பிழிவது வரை எல்லாவற்றுக்கும் முறை வைக்கும். அதற்கும் முந்தியது, இரண்டு உருளைக்கு நடுவில் துணியைக் கொடுத்துப் பிழிவது. நம் ஊர்க் கரும்பாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரில் இருந்த மேடேக் கம்பெனி அந்த வகையை 1983 வரை செய்துகொண்டிருந்தது.

எனக்கு ஐரோப்பாக்காரர்கள் செய்ததுதான் பிடித்திருக்கிறது. 2021 மார்ச் 1 முதல் அங்கே விற்கிற வாஷிங் மெஷினுக்கு, அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் பத்து வருஷத்துக்கு முக்கியமான உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று சட்டம். நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. அது தொடக்கம், சரி. எனக்கு வேண்டியது இணையதளம் இல்லை, ஈரோடு கடைவீதியில் கிடைக்கிற மெஷின் போர்டு.

கேள்வி: ஜமக்காளத்தை மெஷினில் போடலாமா?
– வாசகர், பவானி

பதில்: நீங்களே இப்படிக் கேட்டால் எப்படிங்க? நனைந்தால் அதன் எடையில் பிழிகிற தொட்டி ஒரு பக்கமாக இழுத்து ஆடும், பேரிங் போகும். தரையில் விரித்துத் தேய்த்து, கொடியில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய மெஷினில் பிழிகிற பக்கம் மூடியை மூடினாலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் மூடிக்கு அடியில் இருக்கிற ஸ்விட்சை ஒரு கம்பியால் கட்டிவிட்டார். இப்போது மூடி திறந்திருந்தாலும் ஜோராக ஓடுகிறது. இதனால் மெஷினுக்கு ஏதாவது ஆகுமா?
– வாசகி, சென்னிமலை

பதில்: மெஷினுக்கு ஒன்றும் ஆகாதும்மா. கைக்குத்தான் ஆகும். அந்தத் தொட்டி நிமிஷத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. உள்ளே சுற்றுகிற சீலையின் தலைப்பு வெளியே தொங்கினால் போதும், விரலோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். பழைய மெஷினைப் புகழ்கிறேன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். இதில் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே காவல் அந்த ஸ்விட்சும் பிரேக்கும்தான், இரண்டும் தேய்கிற சாமான்.

இதைப் படித்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தக் கம்பியை வெட்டிப் போடச் சொல்லுங்கள். ஸ்விட்சு புதுசு மாற்றுங்கள், சின்ன வேலை. அப்படியே பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது மூடியைத் திறந்தால் பதினைந்து வினாடிக்குள் தொட்டி நிற்க வேண்டும். வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். இருபது வந்தும் சுற்றிக்கொண்டிருந்தால் பிரேக் கட்டையை மாற்றுகிற வரைக்கும் துணியைக் கையால் பிழியுங்கள்.