சுந்தராம்பாளுக்கு நடிக்கத் தெரியாதா? - கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி எங்களுக்குப் பக்கம்தான். எங்கள் வீட்டில் விடிந்தால் அவர் பாட்டுதான். அம்மாயி அதைக் கேட்டுக்கொண்டேதான் வாசல் தெளிப்பார். அம்மாயியின் அம்மா சின்ன வயதில் வண்டி கட்டிக்கொண்டு போய் விடிய விடிய நாடகம் பார்த்தவராம். "அந்த அம்மா பாடினா கடைசியில உட்கார்ந்திருக்கிறவன் தூங்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். நான் அந்தக் குரலோடு வளர்ந்தவள். இன்றும் மனசு சரியில்லாத நாளில் பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பது கே.பி.எஸ் பாட்டைத்தான்.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் 'ஔவையார்' படம் பார்க்கச் சொன்னேன். உலக சினிமா நிறையப் பார்ப்பவர். பார்த்துவிட்டு, "பாட்டு பிரமாதம். ஆனால் அவர் நடிகையே இல்லை. கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், பாடுகிறார், நடந்து போகிறார். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. அவர் சொல்வது சரிதானா? பக்தியும் பாசமும் என் கண்ணை மறைக்கிறதா? அவர் நாடகத்தில் அவ்வளவு பெரிய நடிகையாக இருந்தார் என்றால், அந்த நடிப்பு எங்கே போயிற்று? நீங்கள் பழைய நாடகப் பாடல்களைப் பற்றி எழுதியவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பர் சொன்னது புதிதல்ல. 1935-ல் 'நந்தனார்' படம் வந்தபோதே கல்கி அதைச் சொல்லிவிட்டார். சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராகவும், மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராகவும் நடித்த படம். அதில் நடிக்க சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட தொகை. கல்கியோ, படத்தில் பனைமரமும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் விமரிசனம் எழுதினார். ஆகவே கோபப்பட வேண்டாம். உங்கள் நண்பர் பார்த்தது உண்மையில் அங்கே இருப்பதுதான். கேமராவின் முன் சுந்தராம்பாளின் முகம் அதிகம் வேலை செய்வதில்லை.

ஆனால் அவரை நடிகையாக வளர்த்த இடத்தில் முகத்துக்கு வேலையே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் அவர் நடிப்பைப் பற்றிப் பேச முடியாது.

அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகத்தை நினைத்துப் பாருங்கள். கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், சிரிக்கவைக்கும் பபூன் வேறெங்கிருந்தோ வருவார். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தால் நாடகம் தொடங்கிவிடும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்போது முடியும். மைக் கிடையாது. ஆயிரக்கணக்கான ஜனம், அழும் குழந்தைகள், முறுக்கு விற்பவன், நடுவில் எழுந்து போகிறவர்கள். விளக்கு வெளிச்சத்தில் இருபதாவது வரிசைக்கு அப்பால் இருப்பவருக்கு நடிகையின் புருவம் தெரியுமா, கண் கலங்கியது தெரியுமா? அவருக்குப் போய்ச் சேர்வது குரல் ஒன்றுதான். கோபமோ வெட்கமோ பயமோ கிண்டலோ, எதுவானாலும் பாட்டில்தான் அவரிடம் போக வேண்டும். அதுவும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். சொல் புரியாவிட்டால் கதை போச்சு, ஜனம் கத்த ஆரம்பித்துவிடும்.

சுந்தராம்பாள் இந்த வேலைக்குள் சிறுமியாக வந்தவர். 1908-ல் கொடுமுடியில் பிறந்தார். தகப்பன் இல்லாத வீடு, கடுமையான வறுமை. வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த பிள்ளையாக வந்து "பசிக்குதே, வயிறு பசிக்குதே" என்று பாடினார். சபை முழுக்க அழுததாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டில் சங்கீத வேலைப்பாடு பெரிதாக என்ன இருந்திருக்கும்? பசி தெரிந்த ஒரு குழந்தை, பசி என்ற சொல்லைக் கூட்டத்தின் கடைசி ஆள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருடைய நடிப்புப் பள்ளிக்கூடம் அதுதான்.

அப்புறம் கிட்டப்பா. அன்றைய புகழ்பெற்ற நாடக நடிகரும் பாடகருமான செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் இவரும் 1920களின் நடுவில் கொழும்பில் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். 1927-ல் திருமணம். இருவரும் சேர்ந்து நடித்த 'வள்ளி திருமணம்' என்றால் ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதும். நீங்கள் அந்த நாடகத்தை முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா தெரியவில்லை. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான். "காயாத கானகத்தே" என்று தொடங்கி, காணாமல் போன மானைத் தேடுவதுபோல அவளையே மானாக்கிப் பாடுகிறான். அவள் விடுவாளா? அவன் ஒன்று பாட, அவள் ஒன்று பாட, தர்க்கம் நீண்டுகொண்டே போகும். எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது, பாடுகிறவர்களுக்கே தெரியாது. கிட்டப்பா ஒரு வரியை மாற்றி மெருகேற்றி ஒரு சங்கதி போட்டால் சுந்தராம்பாள் அதை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். அதுவும் வள்ளியாக இருந்துகொண்டே. "நீ யாரடா என்னிடம் வந்து பேச" என்ற எரிச்சல் ஸ்வரத்தில் தெரிய வேண்டும், உள்ளுக்குள் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதும் கொஞ்சம் தெரிய வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே ஆர்மோனியத்துக்கு, ஒரே சுருதியில். கிட்டப்பாவின் குரல் எங்கே நிற்கும் என்பது அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த உச்சியில் அவருக்கு எதிரே நின்று, சொல் சிதையாமல், பாத்திரம் சிதையாமல் பதில் பாடிய பெண்ணை நடிகை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

"அந்த நடிப்பு எங்கே போயிற்று" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்ட கேள்வி அது.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு. ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, 1980-ல் தான் இறக்கும்வரை அதைக் காப்பாற்றினார். சினிமாவுக்குள் அவர் வந்தது அந்த முடிவுக்குப் பிறகு. அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள்: நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள், காரைக்காலம்மையார் படத்தில் முதிய அம்மையார். ஒன்றிலாவது காதல் உண்டா, ஊடல் உண்டா, எதிரே ஒருவன் நின்று சீண்டுவது உண்டா? எல்லாம் உலகத்தைத் துறந்தவர்கள், தெய்வத்தை மட்டும் பார்த்துப் பாடுகிறவர்கள். கிட்டப்பாவோ சினிமாவுக்கே வரவில்லை. தமிழ் பேசும்படம் வந்தது 1931-ல், இரண்டே வருடத்தில் அவர் போய்விட்டார். ஆகவே வள்ளியாக வந்து வேடனைத் திட்டிய சுந்தராம்பாளை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. நாமும் உங்கள் நண்பரும் பார்ப்பது அந்த நடிகையின் பாதியைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. 'திருவிளையாடல்' படத்தில் முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன பிறகு ஔவை பாடும் பாட்டை, படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு உங்கள் நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். "ஞானப் பழத்தைப் பிழிந்து" என்று தொடங்கும் விருத்தம் சங்கரதாஸ் சுவாமிகளுடையது, நாடக மேடையிலிருந்து வந்தது. படத்தை எடுத்த ஏ.பி.நாகராஜனும் நாடகத்திலிருந்து வந்தவர். இந்தக் குரலை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். 'பிழிந்து' என்ற இடத்தில் அந்த 'ழி' எவ்வளவு சுத்தமாக விழுகிறது என்று பாருங்கள். குரல் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எழுத்தை விழுங்காமல் பாடுவது சாதாரண விஷயமில்லை. நிறையப் பெரிய பாடகர்கள் அந்த உயரத்தில் எழுத்தை விட்டுவிட்டு நாதத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் வரும் "பழம் நீயப்பா" கண்ணதாசன் எழுதியது. அதில் "ஆறுவது சினம், கூறுவது தமிழ், அறியாத சிறுவனா நீ" என்று ஓரிடம். அங்கேதான் நடிகை வெளியே வருகிறார். 'ஆறுவது சினம்' என்பதைப் பாடம் சொல்லித்தருகிற பாட்டியாகப் பாடுகிறார். 'சிறுவனா நீ' என்பதற்கு வந்ததும் குரல் ஒரு கண்டிப்போடு வெட்டி நிற்கிறது. கேள்விதான், ஆனால் பதில் எதிர்பார்க்காத கேள்வி. வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டும்போது வருமே, அந்தக் குரல். அதிலேயே செல்லமும் இருக்கிறது. எதிரே நிற்பது தெய்வம் என்ற பயம் கொஞ்சமும் இல்லை. கோபித்துக்கொண்டு போன பேரப்பிள்ளையைச் சமாதானம் செய்யப் போன கிழவி அவள். இவ்வளவும் ஒரே வரியில் நடக்கிறது. முகத்தைக் காட்டவே வேண்டாம். எனக்கு இதைக் கேட்கும்போது, தினைப்புனத்தில் வேடனை எதிர்த்துப் பேசிய அந்த வள்ளிக்கு வயதாகிவிட்டதுபோலத் தோன்றும். மேடையில் பழகிய அதே தர்க்கம்தான், எதிரே நிற்பவன் மட்டும் சிறுவனாகிவிட்டான்.

'கந்தன் கருணை'யில் அரியது எது, கொடியது எது என்று முருகன் கேட்க ஔவை பதில் பாடுவதையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். அதுவும் கேள்வி-பதில், நாடகத்தின் அதே உயிர். 'மகாகவி காளிதாஸ்', 'துணைவன்' பாட்டுகளை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். 'துணைவ'னுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது, அறுபது வயதுக்கு மேல். 1970-ல் பத்மஸ்ரீ. அவர் காங்கிரஸ் மேடைகளில் பாடியது, சட்ட மேலவை உறுப்பினரானது எல்லாம் தனியே எழுத வேண்டிய கதை. ஆனால் "காந்தியோ பரம ஏழை சந்நியாசி" இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள். மைக் இல்லாத பொதுக்கூட்டத்தில் நின்று பாடுவதற்கு நாடக மேடையைவிட நல்ல பயிற்சி வேறென்ன இருந்திருக்க முடியும்?

'பூம்புகார்' பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். கலைஞர் எழுதிய பாட்டில், நின்று கொல்லும் தெய்வம் எங்கே சென்றுவிட்டது என்ற வரியைப் பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் மறுத்துவிட்டாராம். வரி மாற்றப்பட்ட பிறகுதான் பாடினாராம். இதை அவருடைய பக்திக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். தான் பாடுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் தானே பொறுப்பு என்று வாழ்நாள் முழுக்க நினைத்த ஒரு நாடக நடிகையையும் நான் அதில் பார்க்கிறேன். சொல்லை நம்பாமல் அவரால் பாட முடியாது. நம்பாமல் பாடினால் அந்தக் கடைசி வரிசை ஆள் கண்டுபிடித்துவிடுவான்.

உங்கள் பக்தியும் பாசமும் கண்ணை மறைக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. நீங்கள் பஸ்ஸில் இயர்போனில் கேட்கிறீர்களே, அவரைச் சரியாக அறிய அதுவே நல்ல வழி. உங்கள் நண்பர் படமாகப் பார்த்தார், நீங்கள் நாடகம் பார்க்க வந்த ஜனத்தைப்போலக் காதால் பார்க்கிறீர்கள். அவர் ரசனையுள்ளவர் என்று தெரிகிறது, முதலில் 'ஔவையா'ரைக் கொடுத்ததுதான் சரியில்லை. கிட்டப்பாவின் "காயாத கானகத்தே" இசைத்தட்டு, பிறகு "ஞானப் பழத்தைப் பிழிந்து", அதற்குப் பிறகு 'ஔவையார்' என்ற வரிசையில் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். பங்குனி, சித்திரை மாதங்களில் புதுக்கோட்டை, மணப்பாறை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இன்றும் 'வள்ளி திருமணம்' போடுகிறார்கள். மைக் வந்துவிட்டது, சினிமா மெட்டுகள் நுழைந்துவிட்டன, ஆனால் தர்க்கம் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து போய் வாருங்கள். பபூன் காமிக் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நல்ல ஸ்திரீபார்ட் அமைந்தால் தர்க்கம் சூடு பிடிக்கவே நடுச்சாமம் தாண்டிவிடும்.

அன்புடன்.