ரப்பர் தோட்டமும் காட்டுயிரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நீலகிரியின் மேட்டு நிலக் குளிர் ரப்பருக்கு ஒத்துவராது. ஆனால் மலையின் மேற்குச் சரிவில் இறங்கினால் ரப்பர் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. அங்கு நிலமோ உறவோ உள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளே இம்முறை மிகுதி.

நாடுகாணி வழியாக நிலம்பூர் போகும்போது ரப்பர் தோட்டங்கள் பசுமையாகவே தெரிகின்றன. தேயிலையைவிட மரம் நல்லதல்லவா? (கூடலூர் வாசகர்)

தேயிலையோடு ஒப்பிட்டால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ரப்பரில் நிழல் இருக்கிறது, சருகு விழுகிறது, சில விலங்குகள் அதனூடே கடந்தும் செல்கின்றன. ஆனால் ரப்பர் வருமுன் மலையடிவாரத்தில் பல இடங்களில் நின்றது தாழ்நிலக் காடு. ஒப்பிட வேண்டியது அதனோடுதான். அமேசானிலிருந்து வந்த ஒரே இன மரம், ஒரே வயதில், வரிசையாக நிற்கிறது. ஏழாம் ஆண்டு வாக்கில் பால் வெட்டத் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் மரத்தையே வெட்டி மறுநடவு செய்துவிடுகிறார்கள். பெரிய இருவாச்சி கூடு கொள்ள முதிர்ந்த பெருமரத்தின் பொந்து வேண்டும். பெண் பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை வாரக்கணக்கில் அத்திப்பழம் முதலியவற்றைக் கொண்டுவந்து சிறு பிளவு வழியே ஊட்டும். ரப்பர் மரத்துக்கு அத்தகைய பொந்து விழும் வயது வருவதே இல்லை. மலை அணிலுக்கும் சோலைமந்திக்கும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் இரை தர வேண்டும். ரப்பரோ டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாகிவிடுகிறது.

தென் தாய்லாந்தில் தாழ்நிலக் காடுகள் ரப்பராகவும் எண்ணெய்ப் பனையாகவும் மாறிய இடங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வு, பறவை இனங்கள் குறைந்தது 60 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அழிந்தவை காட்டை விட்டால் வேறு வாழிடம் இல்லாத பறவைகள். எஞ்சியவை எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளக்கூடியவை.

பசுமையைக் கண்டு ஏமாறுவது நாம் மட்டுமல்ல. செயற்கைக்கோள் படங்களில் ரப்பரையும் காட்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், தென்கிழக்கு ஆசியாவில் ரப்பரால் அழிந்த காட்டின் அளவு நெடுங்காலம் குறைத்தே மதிப்பிடப்பட்டது. 1993-க்குப் பின் 40 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இழந்திருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது.

நிலம்பூரில் எங்கள் வீட்டுக் கூரையில் கோடை மழையோடு கருவண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து அடைகின்றன. மருந்து அடிக்கலாமா? (பந்தலூர் வாசகர்)

இவற்றை முப்ளி வண்டு என்பார்கள். உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று தோட்டத்தில் பெருகி, மழை தொடங்கியதும் இருட்டான இடம் தேடி வந்து மாதக்கணக்கில் உறங்கும். கடிப்பதில்லை, நசுக்கினால் வெளிவரும் திரவம் தோலைப் புண்ணாக்கும். ஒரே வகைச் சருகு ஒரே நேரத்தில் மலைபோல் குவிவதே இந்தப் பெருக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. வீட்டுக்குள் வீரியமான பூச்சிமருந்தைத் தெளிப்பது வண்டைவிட உங்களுக்கே கேடு. விளக்கொளி அவற்றை ஈர்க்கும் என்பதால், அந்த நாட்களில் வெளிவிளக்கை அணைத்து, ஓட்டு இடுக்குகளை அடைத்து, விழுந்தவற்றைக் கையால் தொடாமல் பெருக்கி அள்ளுங்கள்.

மார்த்தாண்டம் தேன் ரப்பரிலிருந்துதான் வருகிறது என்கிறார்களே, அப்படியானால் தேனீக்கு ரப்பர் நன்மைதானே? (கோத்தகிரி வாசகி)

உண்மை. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் தேன் ஊறும். பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சில வாரங்கள் முடிந்தால் தோட்டம் தேனீக்கு வெறும் நிழல்தான். பெட்டித் தேனீயை வளர்ப்பவர் சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்றுகிறார். குறும்பர்கள் பாறை முகட்டில் இறங்கித் தேன் எடுக்கும் மலைத்தேனீக்கு அப்படி வைப்பவர் யாருமில்லை. அதற்குப் பலவகைக் காட்டு மரங்கள் அடுத்தடுத்துப் பூத்தாக வேண்டும்.

எங்கள் ரப்பர் மறுநடவுக்கு வந்துவிட்டது. காட்டுயிருக்காக எதைச் செய்தால் பயன் இருக்கும்? (கூடலூர் வாசகர்)

ஓடையோரத்தில் ரப்பர் வைக்காதீர்கள். தானாக முளைக்கும் நாட்டு மரங்களை அங்கே வளர விடுங்கள். களைக்கொல்லிக்கு மாற்றாக முக்குனா என்னும் மூடுபயிர்க் கொடியைப் பரப்புவது மண்ணுக்கு நல்லது, ஆனால் காட்டு எல்லையை ஒட்டி வேண்டாம். மரத்தின் மீதேறி மூடிவிடும். ரப்பர் பாலை அமிலத்தால் உறையவைத்து ஷீட்டாக அடிக்கும் இடத்துக் கழிவுநீரை ஓடையில் விடாதீர்கள். மீனும் தவளையும் தாங்காது.

எங்கள் பக்கம் ரப்பர் இல்லை. காப்பித் தோட்டத்தில் பழைய நிழல் மரங்களை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் வைக்கிறோம். இதுவும் அதே பாதிப்புதானா? (தாண்டிக்குடி வாசகர்)

அதே அளவு இல்லை. ஆனால் போகும் திசை அதுவே. கீழ்ப்பழனி மலையில் காப்பி இன்றும் பலாவுக்கும் அத்திக்கும் நாவலுக்கும் கீழே விளையும் இடங்களை, காட்டுக்கு அடுத்தபடியாக மதிக்கத்தக்கவையாக நான் கருதுகிறேன். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். நேராக உயரும், விரைவில் காசாகும். அதன் பூவில் தேன் உண்டு, ஆனால் மலை அணிலுக்கோ வௌவாலுக்கோ தின்னப் பழம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதி, 2020 டிசம்பர் 31-க்குப் பின் காட்டை அழித்து விளைவித்த ரப்பரையும் காப்பியையும் ஏற்கக் கூடாது என்கிறது. அவ்விதி காடு தோட்டமாவதைத்தான் கேட்கும். தோட்டத்துக்குள் அத்தி போய்ச் சில்வர் ஓக் வருவதைக் கேட்காது. அந்த முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. வைத்த சில்வர் ஓக்கைப் பிடுங்க வேண்டாம். இனி பட்டுப்போகும் மரத்தின் இடத்தில் பலாவோ முள்முருங்கையோ வையுங்கள். மிளகு அவற்றின் மீதும் நன்றாகவே ஏறும்.