கணக்கில் காசு இருக்கிறது, கார்டு ஏன் இல்லை என்கிறது?

ஜார்ஜ் டவுன் லெபோ பந்தாயில் ஒரு வங்கி முகப்பில் 26 ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். ஓய்வு பெற்று இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யாருக்குக் கார்டு மறுத்தாலும் வங்கிக்குப் போகுமுன் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். ஒரே கேள்விக்குப் பத்துப் பேருக்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

புத்தகத்தில் ஒரு தொகை அடிக்கிறது, மெஷினில் வேறு தொகை காட்டுகிறது. எதை நம்புவது, அம்மா? (பாகான் ஆஜாமிலிருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்)

இரண்டையும் நம்பலாம் ஐயா, இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். புத்தகத்தில் அடிப்பது முடிந்துபோன கணக்கு. வங்கியின் ஏட்டில் ஏறியது மட்டும்தான் அதில் வரும். மெஷினில் 'அவெய்லபல்' என்று வருவது, இந்த நிமிடம் நீங்கள் எடுக்கக்கூடிய தொகை. ஏட்டில் 850 வெள்ளி (ரிங்கிட்) இருக்கும். அதில் 200 வெள்ளியை ஏதோ ஒரு கடைக்காக வங்கி ஒதுக்கி வைத்திருக்கும். கணக்கு உயிரோடு இருக்க 20 வெள்ளியை விட்டுவைக்கச் சொல்லும். ஆக, கைக்கு வருவது 630. புத்தகத்தைப் பார்த்துவிட்டு 850 எடுக்கப் போனால் மெஷின் முறைக்கத்தான் செய்யும்.

இன்னொன்று. கைப்பேசிச் செயலியை மலாயில் வைத்திருப்பவர்களுக்கு 'பாக்கி' என்ற சொல் வரும். மலாயில் அது மிச்சம். நம் வீட்டில் பாக்கி என்றால் முதலில் மளிகைக்கடைக் கடன்தான் நினைவுக்கு வரும். 'பாக்கி 1,200' என்று பார்த்துவிட்டு, வங்கிக்குக் கடன்பட்டுவிட்டோமோ என்று அழாத குறையாக ஒரு பாட்டி என் முகப்புக்கு வந்தார். உங்கள் காசுதான் பாட்டி என்று சொன்னதும், அப்படியே முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, மோட்டாருக்கு 12 வெள்ளிக்குத்தான் எண்ணெய் (பெட்ரோல்) ஊற்றினேன். பம்பிலேயே கார்டைப் போட்டேன், 200 வெள்ளி போய்விட்டது. கடையில் கேட்டால் பேங்க்கைக் கேள் என்கிறார்கள். பேங்க்கில் காத்திரு என்கிறார்கள். காசை எடுத்தது யார்? (பிறையில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி)

யாரும் எடுக்கவில்லை தம்பி, கட்டி வைத்திருக்கிறார்கள். ஆடு உன்னுடையதுதான், கயிறு மட்டும் அவர்கள் கையில்.

நீ கார்டைப் போடும்போது எவ்வளவு ஊற்றப் போகிறாய் என்று பம்புக்குத் தெரியாது. 12 வெள்ளிக்கும் ஊற்றலாம், லோரிக்காரர் போல டேங்க்கை நிரப்பவும் செய்யலாம். அதனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி, 200 வெள்ளி இருக்கிறதா என்று முதலில் உன் வங்கியைக் கேட்கிறது. வங்கி இருக்கிறது என்று சொல்லி அந்த 200-ஐ ஒதுக்கிவிடும். இதுதான் 'பெண்டிங்'. நீ ஊற்றி முடித்த பிறகு உண்மையான 12 வெள்ளிக் கணக்கு தனியாகப் போகிறது. அது போய்ச் சேர்ந்து, முதலில் கேட்ட 200-உடன் பொருத்திப் பார்க்கப்பட்ட பிறகுதான் கயிறு அவிழும். சில வங்கிகளில் அன்றைக்கே அவிழ்ந்துவிடும். சிலவற்றில் சில வேலை நாள் ஆகும். தைப்பூசம் மாதிரி விடுமுறை நடுவில் வந்தால் இன்னும் இழுக்கும்.

கிரெடிட் கார்டுக்காரர்களுக்கு இது வலிக்காது, கட்டப்படுவது வங்கி கொடுத்த வரம்பு. டெபிட் கார்டில் கட்டப்படுவது உன் சொந்தச் சம்பளம். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஊற்றினால் 400 வெள்ளி மாட்டிக்கொள்ளும். ஆகவே பம்பில் கார்டைப் போடாதே. உள்ளே முகப்பில் போய், நாலாம் நம்பர், 12 வெள்ளி என்று சொல்லிக் கட்டு. அங்கே தொகை முன்கூட்டியே தெரியும், 200 வெள்ளிப் பேச்சே வராது. வெயிலில் ஐம்பது அடி நடப்பதுதான் செலவு.

காடி (கார்) லோன் 640 வெள்ளி 5ஆம் தேதி தானாகவே வெட்டும். கணக்கில் 850 இருந்தும் வெட்டவில்லை. வங்கியின் தவறுதானே? (புக்கிட் மெர்தாஜாமில் தாதியாக வேலை செய்யும் தங்கை)

3ஆம் தேதி எங்கே எண்ணெய் ஊற்றினாய் என்று கேட்டேன். பம்பில் என்றாள். மேலே ஐயாவுக்குச் சொன்ன கணக்கை அப்படியே போட்டுப் பாருங்கள். எடுக்கக்கூடியது 630, கேட்டது 640. பத்து வெள்ளிக்காகத் தவணை நின்றுவிட்டது. தானாக வெட்டும் எந்தக் கட்டளையும் ஏட்டுத் தொகையைப் பார்க்காது, எடுக்கக்கூடிய தொகையை மட்டும்தான் பார்க்கும். தவணை வெட்டும் வாரத்தில் ஒரு 300 வெள்ளியாவது கூடுதலாக இருக்கட்டும். தாமதக் கட்டணம் போட்டிருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், முதல் தடவை என்றால் சிலர் விட்டுக்கொடுப்பார்கள்.

எனக்கே இது நடந்திருக்கிறது, அதுவும் வங்கியில் வேலை செய்தபோதே. லங்காவியில் ஒரு தங்கும் விடுதியில் முன்பணமாக 300 வெள்ளியை டெபிட் கார்டில் கட்டி வைத்தார்கள். அறையைக் காலி செய்ததும் அவிழ்ந்துவிடும் என்று முகப்பிலிருந்த பெண் சொன்னாள், நானும் தலையாட்டினேன். குவாலா கெடா படகுத்துறையில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு கார்டை நீட்டினால் செல்லவில்லை. வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இணையத்தில் வாங்கியதை ரத்து செய்தேன். காசைத் திருப்பிவிட்டோம் என்கிறது கடை. வரவே இல்லை என்கிறது வங்கி. யார் பொய் சொல்கிறார்கள்? (ஆயர் ஈத்தாம்)

பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் ரத்து செய்தபோது தொகை பெண்டிங்கிலேயே இருந்திருந்தால், கடை திருப்பிக் கொடுக்க ஒன்றுமே இல்லை, ஒதுக்கியதை விட்டுவிடச் சொல்வதோடு சரி. அப்போது கணக்கில் 'வரவு' என்று ஒரு வரி வராது. பெண்டிங் வரி சத்தமில்லாமல் காணாமல் போகும், எடுக்கக்கூடிய தொகை ஏறியிருக்கும். நீங்களோ வராத வரவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தொகை ஏட்டில் ஏறிய பிறகு ரத்து செய்திருந்தால்தான் தனி வரவாக வரும், அதற்கு நாள் பிடிக்கும்.

இரண்டில் எது என்று தெரியாவிட்டால், கடையிடம் அந்தப் பரிவர்த்தனையின் அப்ரூவல் கோடு, அதாவது வங்கி அனுமதித்த எண், கேளுங்கள். ஆறு இலக்கம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வங்கியைக் கூப்பிட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் காட்டினால், பொறுத்திருங்கள் என்று சொல்லி போனை வைத்துவிடுவார்கள். நானும் அப்படி வைத்தவள்தான்.

தீபாவளி முறுக்குக்கு 2,000 வெள்ளி ஆர்டர். வாங்குபவர் 3,000-க்குச் செக் போட்டு, ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கணக்கிலும் 3,000 ஏறியிருக்கிறது. கூடுதலான 1,000-ஐ உடனே டுயிட்நவ்வில் (உடனடிப் பணமாற்றத்தில்) திருப்பச் சொல்கிறார். திருப்பலாமா அக்கா? (நிபோங் திபால்)

கையை எடுங்கள்! எந்தத் தொகையில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஏட்டுத் தொகையில் ஏறியிருக்கும், எடுக்கக்கூடிய தொகையில் ஏறியிருக்காது. காசோலையை மெஷினில் போட்டதும் வரி தெரியும். ஆனால் அது எழுதியவரின் வங்கிக்குப் போய், அங்கே பணம் இருந்து, கையெழுத்து சரியாக இருந்தால்தான் உங்கள் காசு. சாதாரணமாக அடுத்த வேலை நாள் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை நேரம் கடந்து போட்டால் திங்களைத் தாண்டும். மோசடிக்காரர்கள் அதனால்தான் வெள்ளி மாலையாகப் பார்த்துப் போடுகிறார்கள். டுயிட்நவ்வில் நீங்கள் அனுப்பும் 1,000 சில நொடிகளில் போய்ச் சேரும். அவருடைய 3,000 செவ்வாயன்று பவுன்ஸ் ஆகும். முறுக்கையும் கொடுத்திருந்தால் அதுவும் போச்சு.

நல்ல வாடிக்கையாளர் என்றால் இரண்டு வேலை நாள் காத்திருப்பார். காத்திருக்க முடியாது என்று கத்துகிறவருக்கு மாவு பிசைய வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் யோசிக்காமல் உங்கள் வங்கியையோ மோசடிப் புகார் எண்ணான 997-ஐயோ கூப்பிடுங்கள்.

சென்னைக் கடையில் சேலை வாங்கினேன். பெண்டிங்கில் 412 வெள்ளி, கடைசியில் 419 வெட்டியிருக்கிறது. (செபராங் ஜெயா)

பெண்டிங்கில் வருவது தோராயக் கணக்கு. ஏட்டில் ஏறும் நாளின் ரூபாய் விலையும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான கட்டணமும் சேர்ந்துதான் கடைசித் தொகை. ஏழு வெள்ளிக்குச் சண்டை போட வேண்டாம், சேலை நன்றாக இருந்தால் சரி.

யாரென்றே தெரியாத பெயரில் 1 வெள்ளி பெண்டிங்கில் நிற்கிறது. சின்னத் தொகைதானே, விட்டுவிடலாமா? (கூலிம்)

அண்மையில் ஏதாவது செயலியில் கார்டு எண்ணைப் பதிந்தீர்களா? பதிந்திருந்தால் கார்டு வேலை செய்கிறதா என்று அவர்கள் தட்டிப் பார்த்திருக்கலாம், தானாகப் போய்விடும். பதியவில்லை என்றால், எண்ணைத் திருடிய எவனோ தட்டிப் பார்க்கிறான். அடுத்தது 1 வெள்ளியாக இருக்காது. பெண்டிங் முடியட்டும், அப்புறம் புகார் செய்யலாம் என்று வங்கியில் யாராவது சொன்னால், தொகைக்கு வேண்டுமானால் அது சரி, கார்டை நிறுத்த அது காரணமாகாது. செயலியைத் திறந்து கார்டை இப்போதே நிறுத்துங்கள், பிறகு கூப்பிட்டுப் புதியது கேளுங்கள்.